பதியாத காலுக்கு ஒரு பனையோலை

ஆவுடையப்பன் தேரியில் கால் வைத்தபோது மணல் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு முன்னால் போன ஐந்து பேரின் தடமும் அந்தச் சிவந்த மணலில் அச்சுக் குத்தியதுபோல விழுந்து கிடக்க, எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் புளியோதரைத் தூக்கையும் பீர் முகமதுவின் மாத்திரைப் பையையும் ஒன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆறு பேரில் அதிகக் கனமாக நடந்துவந்த அவருடைய கால் பட்ட இடத்தில் மட்டும் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், அப்போதுதான் விரித்த ஜமக்காளம்போல மணல் மழமழவென்று கிடந்தது. ஷூவின் அடிப்பாகம் தேய்ந்துவிட்டதோ என்று கழற்றிப் பார்த்தார். தேயவில்லை. வெறுங்காலால் ஓங்கி மிதித்தார். சூடு ஏறியது, தடம் விழவில்லை.

ஆறு பேரும் பாலிடெக்னிக் விடுதியில் ஒரே வராந்தாவில் படுத்துறங்கியவர்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு தொந்தியோடு இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு கார்களில் எங்காவது கிளம்பிவிடுவார்கள். எங்கே போவது, எந்த லாட்ஜில் தங்குவது, யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதெல்லாம் ஆவுடையப்பனின் இலாகா. அவருக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் தனியாகப் பொங்கித் தின்று, ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குப்பைகொட்டி, அந்த நாலு நாளுக்காக மிச்ச வருஷத்தைக் கடத்துகிறவர். ஒவ்வொரு பயணத்திலும் யாராவது ஒருவன் அவர் தோளில் கைபோட்டு, "ஆவுடை இல்லன்னா நமக்கு ஏதுல டூரு?" என்று சொல்லுவான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அவர் பதினொரு மாதம் ஓட்டினார். யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், அதைவிட அற்பமானதை வைத்து ஓட்டுகிறவர்கள் நமக்குள் நிறையப் பேர் இருக்கிறோம்.

எங்கே நின்று எங்கே கிளம்பினாலும் கடைசியில் வண்டியில் ஏறுகிறவர் அவர்தான். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டு, இரண்டு கார்களின் ஜன்னலிலும் குனிந்து பார்த்து, ஐந்து தலையையும் எண்ணி முடித்துவிட்டு, எந்தக் காரில் இடம் இருக்கிறதோ அதில் தொற்றிக்கொள்வார். எண்ணுகிறவரை எண்ண வேண்டும் என்று அவர்களில் யாருக்கும் தோன்றியதில்லை, அவருக்கும் தோன்றியதில்லை.

இந்த வருஷம் மதியழகன்தான், எல்லாரும் ராஜஸ்தான் போய்ப் படம் போடுகிறார்கள், நம்மூரிலேயே பாலைவனம் கிடக்கும்போது ஏன் அவ்வளவு தூரம் என்று ஆரம்பித்து வைத்தான். திருச்செந்தூர் போகிற வழியில் தேரிக்காட்டில் ஒரு பகல் முழுக்க நடப்பது, நடுத்தேரியில் இருக்கிற சாஸ்தா கோயில் சுனையில் முகம் கழுவுவது, சாயங்காலம் திருச்செந்தூர் லாட்ஜில் போய் விழுவது என்று ஏற்பாடு. கார்களை நாலுபனைவிளையில், தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில், ஒரு காப்பிக் கடை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் இறங்கினார்கள்.

"அண்ணாச்சி, நில்லுங்க!" என்று அந்தக் கடையிலிருந்து குரல் வந்தது. கடைக்காரி சந்தனமாரி, கையில் கரண்டியோடு வெளியே வந்து, ஆவுடையப்பனின் காலையும் காலுக்குக் கீழே இருந்த மணலையும் பார்த்துவிட்டு, பால் பொங்கியதைப் பார்த்தவள் மாதிரி சலித்துக்கொண்டாள். "உங்களுக்குப் பதியல. ஓலை கெட்டாம உள்ள போவக் கூடாது. இடுப்பக் காட்டுங்க."

நாலுபனைவிளைக்காரர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. அந்த ஊரில் முதன்முதலாகக் கால் பதியாமல் போனவன் நவமணி என்பவன். காணாமல்போன ஆட்டைத் தேடி அவன் தேரிக்குள் போனான். ஆடு தன் தடத்தைப் பிடித்துத் தானே திரும்பி வந்தது, நவமணி வரவில்லை. தேரியில் ஆள் தொலைந்தால் தடம் பார்த்துத்தான் தேடுவார்கள், வேறு வழி கிடையாது. ஊரே மணல் ஓரத்தில் வந்து நின்று பார்த்தபோது ஆட்டுத்தடமும் ஓணான் தடமும் வண்டு ஊர்ந்த கோடும் இருந்தனவே தவிர, ஆறடி ஆள் ஒருவன் நடந்துபோனதற்கு அடையாளமாக ஒரு குண்டுமணி அளவுப் பள்ளம்கூட இல்லை. நவமணி இன்னும் உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கிறான் என்று சொல்லி வெள்ளிக்கிழமைதோறும் தேரி ஓரத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைக்கிறார்கள்; மறுநாள் செம்பு காலியாகத்தான் இருக்கும்; குடித்தது நவமணியா வெயிலா என்று யாரும் விசாரிப்பதில்லை.

அதற்குப் பிறகுதான் கால் பதியாதவர்கள் இடுப்பில் நாரால் ஒரு காய்ந்த பனையோலையைக் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. அது இழுத்த கோட்டைப் பிடித்தாவது போய் ஆளைத் தூக்கி வரலாமே என்பதற்காகச் செய்த ஏற்பாடு, நாளாக ஆக வேட்டி சேலை மாதிரி ஒரு உடுப்பாகிவிட்டது. டவுன் பஸ்ஸின் பின்பக்கத்தில் ஓலை செருகுவதற்கென்றே ஒரு கம்பி வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஓலை சாத்திவைக்கிற இடமும் இருக்கிறது. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பையனை ஏதாவது சாக்குச் சொல்லி மணலில் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பையன் வீட்டார் அதற்கு முந்தியே வாசலில் சாணி தெளித்துக் கெட்டியாக மெழுகி வைத்துவிடுவார்கள். ஒரு பஞ்சாயத்துத் தலைவருக்கு, தேர்தலில் தோற்ற மறுவாரமே கால் பதியாமல் போயிற்று; அவர் கட்சிக்கரை வேட்டியைக் கிழித்து ஓலையின் நுனியில் கட்டிக்கொண்டு நடந்தார். அத்தனை பேர் ஓலை இழுத்து நடப்பதால் அந்த ஊரின் தெருக்களைப் போலச் சுத்தமான தெருக்களை அந்த வட்டாரத்திலேயே பார்க்க முடியாது. சுகாதாரத்துக்கு ஒரு கேடயம்கூட வாங்கியிருக்கிறார்கள்.

ஏன் பதிவதில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பித்தம் என்றார்கள், சாஸ்தாவின் கோபம் என்றார்கள், ரேஷன் பாமாயில் என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் எதனால் திரும்பப் பதியும் என்பதில் மட்டும் ஊரில் இரண்டு பேச்சு கிடையாது. "தேடி ஆள் வந்தாப் பதியும்" என்று, நாரை முடிச்சுப் போட்டுக்கொண்டே சந்தனமாரி சொன்னாள். "எங்கூர்ல துரைராசு வாத்தியாருக்கு ரிட்டயரான அன்னைக்கு நின்னுபோச்சு. அப்பறம் ஒரு நாய் அவ்வொளத் தேடித்தேடி வர ஆரம்பிச்சுது, பதிஞ்சிட்டு. நாய்க்கெல்லாம் பதியுமான்னு கேக்காதிய. மணலுக்கு அதெல்லாம் தெரியாது."

"எனக்கு ஏம்மா பதியல? இந்தா பாரு, அஞ்சு பேரோட வந்திருக்கேன்" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

சந்தனமாரி அந்த ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் ஏற்கெனவே முதல் மேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். "வெயிலுக்கு முந்தி போங்க" என்றாள்.

ஓலை சரசரக்க ஓடிவந்து சேர்ந்துகொண்ட அவரைப் பார்த்து நண்பர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வாலு முளைச்சிட்டுல நம்ம ஆவுடைக்கு!" என்று மதியழகன் கூவினான். சார்லஸ், இரண்டாவது காருக்குச் சொந்தக்காரன், ஓலையின் மேல் கால் வைத்து மிதித்து அவரை நிறுத்தி நிறுத்தி விளையாடினான். பீர் முகமது மட்டும், "ஏன் மக்கா, உனக்கு மட்டும் அப்பிடி?" என்று கேட்டான். அவன் கேட்டதிலேயே ஆவுடையப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது. பீருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை செய்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர் அவர். "ஏதோ பித்தமாம்" என்று சொல்லி வைத்தார். பதில் வருவதற்குள் பீர் செல்போனைப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

மேடு ஏறி, பள்ளம் இறங்கி, மறுபடி மேடு ஏறி அவர்கள் நடந்தார்கள். சிவப்பு மணல் ஏறி இறங்கிக் கிடந்த அந்த இடத்தில் வானம் தவிர வேறு எதுவும் நேராக இல்லை. பாதி உடம்பு மணலில் புதைந்த பனைகள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவர்களைப்போல நின்றன. உடைமரங்களுக்குக் கீழே நிழல் இருந்தது, நிழலில் முள் இருந்தது. ஆவுடையப்பன் வழியெல்லாம் குனிந்து மணலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கருவண்டு அவருக்குக் குறுக்கே போனது. எள்ளளவு எடைகூட இல்லாத அந்த வண்டு, தையல்காரன் ஓட்டிய தையலைப்போல வரிசை பிசகாமல் தன் தடத்தைப் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்ததும் அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வண்டின் மேல் பொறாமைப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

முந்திரிப் பழம் உதிர்ந்து கிடந்த ஒரு கொல்லாமர நிழலில் உட்கார்ந்து புளியோதரை தின்றார்கள். பரிமாறியவருக்குக் கடைசியில் அடிப்பிடித்த மிளகாய்தான் மிஞ்சியது, அதுவும் வழக்கம்தான். அங்கிருந்து எழுந்து சுனைக்குப் போய் முகம் கழுவியபோது மதியழகன் வீடியோ எடுக்க வேண்டும் என்றான். செல்போனைக் கீழே ஒரு பனையில் சாத்திவைத்துவிட்டு, எல்லாரும் வரிசையாக மேட்டிலிருந்து இறங்கி வர வேண்டுமாம். இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஏல ஆவுடை, அந்த ஓலையக் கழத்துல. அசிங்கமாத் தெரியுது."

"அந்தப் பொம்பள கட்டாம நடக்கக் கூடாதுன்னாளே."

"நாங்க அஞ்சு பேரு கூட இருக்கோம், நீ எங்கல தொலையப் போற? கழத்திப் போடு."

நாங்க அஞ்சு பேரு கூட இருக்கோம். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருந்தது! ஆவுடையப்பன் முடிச்சை அவிழ்த்து ஓலையைச் சுனைக்கரையில் போட்டுவிட்டு, வரிசையில் கடைசி ஆளாக இறங்கி வந்தார். வீடியோவில் ஐந்து பேரின் தடம் பளிச்சென்று விழுந்திருந்தது. நன்றாக வந்திருப்பதாக மதியழகன் சொன்னான்.

திரும்புகிற வழியில் பாதி தூரம் வந்த பிறகுதான் பீருக்கு மாத்திரை நினைவு வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைப் போட்டுவிட்டுப் பையைக் கொல்லாமரக் கிளையிலேயே மாட்டிவிட்டு வந்திருக்கிறான். நெஞ்சைத் தடவிக்கொண்டே அவன் ஆவுடையப்பனைப் பார்த்தான், வேறு யாரையும் பார்க்கவில்லை.

"நான் எடுத்துட்டு வாறேன். நீங்க பைய நடங்க" என்றார் அவர்.

நண்பர்களின் தடத்தைப் பிடித்தே கொல்லாமரத்துக்குப் போனார், பையை எடுத்தார், நண்பர்களின் தடத்தைப் பிடித்தே திரும்பினார். எங்கும் வழி தவறவில்லை. மதியழகனின் ஷூ எது, காலைச் சாய்த்து வைக்கிற பீரின் நடை எது, நடுநடுவே நின்று மூச்சு வாங்குகிற சார்லஸ் எங்கெங்கே நின்றிருக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு அந்த மணலில் தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் எங்கே போயிருந்தாலும் அவர் தேடிப் பிடித்துவிடுவார். அவரைத் தேடி வருகிறவனுக்குத்தான் அந்தத் தேரி முழுக்க ஒன்றுமே கிடைக்காது. அப்படி யாரும் வரவில்லை என்பதால் அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

மணல் முடிந்த இடத்தில் ஐந்து பேரின் தடமும் முடிந்து, இரண்டு ஜோடி டயர் தடம் ஆரம்பித்து, தார்ச்சாலையில் ஏறிப் போயிருந்தது. மதியழகனின் காரில் இருந்தவர்கள் அவர் சார்லஸின் காரில் ஏறியிருப்பார் என்று நினைத்தார்கள், சார்லஸின் காரில் இருந்தவர்கள் மதியழகனின் காரில் ஏறியிருப்பார் என்று நினைத்தார்கள். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. கேட்கிற ஆள் தேரிக்குள் மாத்திரைப் பையோடு நடந்து வந்துகொண்டிருந்தார்.

"போயிட்டாவளா?" என்று சந்தனமாரி கேட்டாள். கேள்வி மாதிரி கேட்கவில்லை. கடைக்கு முன்னால் பனந்தடியால் போட்ட பெஞ்சில், ஓலை கட்டிய மூன்று நாலு பேர் சாயங்காலக் காப்பிக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஆவுடையப்பன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலை மணலில் ஊன்றி உட்கார்ந்தார். கருப்பட்டிக் காப்பி வந்தது.

"போனப் போட்டுச் சொல்ல வேண்டியதுதான?" என்றார் இடம் கொடுத்தவர்.

"கொஞ்சம் போயிருக்கட்டும். தெரிஞ்சதும் அவங்களே திரும்பி வந்துருவாங்க" என்றார் ஆவுடையப்பன். பிறகு, யாரும் கேட்காமலே, "முப்பத்தஞ்சு வருசப் பழக்கம். என்னை விட்டுட்டு அவங்களால ஒரு டீகூடக் குடிக்க முடியாது" என்றார்.

பெஞ்சில் இருந்த யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பெஞ்சுக்கு அந்த மரியாதை தெரியும். சாலையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆவுடையப்பன் சாலையைப் பார்ப்பதற்குப் பதிலாகத் தன் காலைப் பார்த்தார். குதிகாலை அழுத்தினார், தூக்கிப் பார்த்தார், மறுபடி அழுத்தினார். உப்பு லாரி போனது. மினி பஸ் போனது. திரும்ப வந்து நிற்கப்போகிற இரண்டு கார்களை அவர் மனசுக்குள் பார்த்தார்: கதவைத் திறந்துகொண்டு பீர்தான் முதலில் இறங்குவான்; மன்னிச்சிரு மக்கா என்பான்; இவர் கோபப்படுவது மாதிரி நடிப்பார்; அப்புறம் எல்லாரையும் ஏறச் சொல்லிவிட்டு எண்ணுவார். இந்தத் தடவை ஆறு என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டார்.

வெயில் சாய்ந்து தேரி ரத்தச் சிவப்பாக மாறுகிற நேரத்தில் செல்போன் அடித்தது. பீர் முகமது.

"ஏல ஆவுடை! எங்கல இருக்க நீ? ரெண்டு வண்டியிலயும் இல்ல! உன்னத்தான் தேடிக்கிட்டிருக்கோம்!"

அவர் காலுக்குக் கீழே மணல் அசைந்தது. முதலில் குதிகால், பிறகு உள்ளங்காலின் வளைவு, பிறகு விரல் விரலாக அஞ்சும், சுண்டுவிரலின் கோணல்நகம் முதற்கொண்டு, சிவந்த மணலில் ஒரு முழுத் தடம் விழுந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தர் காப்பி டம்ளரோடு கையெடுத்துக் கும்பிட்டார். சந்தனமாரி, "பதிஞ்சிட்டு!" என்று கத்திவிட்டாள். ஆவுடையப்பன் போனைக் காதில் வைத்தபடி, காலைத் தூக்கினால் கலைந்துவிடுமோ என்று பயந்து தூக்கி, கலையாததைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"தேரியிலதான் மக்கா இருக்கேன். காப்பிக் கடையில" என்றார்.

"அடப்பாவி, அங்கயேவா இருக்க? கேளு, இங்க லாட்ஜுல ரூம் உன் பேர்லதான இருக்கு, ஆதார் காட்டாம சாவி தர மாட்டேங்கான். எல்லாரும் வெளியவே நிக்கோம். உன் ஆதாரப் போட்டோ எடுத்து அனுப்பு, சட்டுனு."

ஆவுடையப்பன் சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்தார்.

"அப்பறம் என் மாத்திரைப் பை உங்கிட்ட இருக்குல்ல? ராத்திரி போடுற மாத்திரைக்கு என்ன பேருன்னு பாத்துச் சொல்லு, இங்கயே வாங்கிக்கிடுதேன். நீ ஒரு பஸ்ஸப் புடிச்சு வந்துரு, என்ன? திரும்ப அவ்வளவு தூரம் வரணும்னா மதி வையுதான்."

பின்னால் மதியழகன், "வரும்போது நல்ல கருப்பட்டி கெடைச்சா வாங்கிட்டு வரச் சொல்லுல" என்பது கேட்டது. ஆவுடையப்பன் பையைத் திறந்து, அட்டையைத் திருப்பி, மாத்திரையின் பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை சொன்னார். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்பதையும் சொன்னார். ஆதார் அட்டையை மடியில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். முதலில் எடுத்தது தெளிவாக இல்லை என்பதால் இன்னொன்று எடுத்து அனுப்பினார்.

அதற்குள் சுண்டுவிரல் போயிருந்தது. பிறகு மற்ற விரல்கள், பிறகு அந்த வளைவு. குதிகால் மட்டும் கொஞ்ச நேரம் மனசு வராததுபோல நின்றுவிட்டு, அதுவும் மேலெழும்பி மட்டமாயிற்று. பெஞ்சில் இருந்தவர்கள் தேரியைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், ஆறிப்போன காப்பியைப் பார்த்தார்கள். அவரை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள்.

"திருச்செந்தூருக்குப் பஸ்ஸு எப்பம்மா?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"இப்ப வந்துரும். நிறுத்தம் அந்தாலதான், மணல்ல கொஞ்சம் நடக்கணும்." சந்தனமாரி கடைக்குள் போய்ச் சாத்திவைத்திருந்த ஓலைகளில் புதிதாக ஒன்றை எடுத்து உதறிக்கொண்டு வந்தாள். "எந்திரிங்க, அண்ணாச்சி."

அவர் எழுந்து, சட்டையைத் தானே உயர்த்திப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார். அவள் நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பகலில் மதியழகன் சொன்னதும் அதை அவிழ்த்துப் போட்டவர், இப்போது பின்னால் கையைவிட்டு, முடிச்சு இறுக்கமாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.